‘தண்ணீர் வந்து சேர்வதில்லை’: ஒரு தலையங்கப் பக்கத்தின் வினைச்சொற்கள்

பின்னணி

பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. மண்ணை வெட்டிக் கரை கட்டிய வாய்க்கால் அது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என ஆயக்கட்டை, அதாவது பாசன உரிமையுள்ள நிலப்பரப்பை, 1,03,500 ஏக்கர் கொண்ட இரு பாதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்குமாகப் பருவம் மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது வழக்கம்.

2020-இல் இந்த வாய்க்காலைச் சீரமைக்க 709.60 கோடி ரூபாய்க்கு அரசாணை வந்தது. கரைக்கும் அடித்தளத்துக்கும் கான்கிரீட் போடுவது அதில் இருந்தது. அன்று முதல் விவசாயிகளே இரண்டு பக்கம் நின்றார்கள். மண் வாய்க்காலில் ஊறும் தண்ணீர்தான் எங்கள் கிணறுகளையும் குட்டைகளையும் குடிநீரையும் காக்கிறது, கான்கிரீட் போட்டால் ஊற்று செத்துவிடும் என்றார்கள் ஒரு பக்கத்தார். பதிவு பெற்ற ஆயக்கட்டுக்காரர்கள் நாங்கள், எங்கள் பங்குத் தண்ணீர் வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வருவதே இல்லை, கரை பலமாக இருந்தால்தான் முழு அளவு தண்ணீர் விட முடியும் என்றார்கள் மறுபக்கத்தார். உண்ணாவிரதம், ஆர்ப்பாட்டம், உயர் நீதிமன்ற வழக்கு எல்லாம் நடந்தன.

இந்த ஆய்வு அந்த வழக்கின் நியாயத்தைப் பற்றியது அல்ல. அந்தச் சச்சரவின் நடுவே ஈரோடு மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறு இதழின் தலையங்கங்களைப் பற்றியது. இதழின் பெயரையும் அதில் பணிபுரிந்தவர்களின் பெயரையும் விலக்கியிருக்கிறேன். மேற்கோள்களில் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இதழ் இன்னதென்று தெரியாதபடி சில சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் இலக்கணம் கற்பித்தவன் என்பதால் ஆசிரியர் என்னை அழைத்தார்.

இதழ் எந்தக் கட்சிக்கும் சொந்தமானதல்ல. கட்சி விளம்பரம் வந்தால் எல்லாக் கட்சியிடமும் வாங்குவார்கள். “நாங்கள் விவசாயி பக்கம்” என்பதே அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒரே வரி. அந்த வரியை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அதனால்தான் அடுத்து வந்த புகார் அவர்களை அவ்வளவு வருத்தியது.

புகார்

கடைமடைப் பகுதியிலிருந்து நான்கைந்து பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. பழைய இதழ்களை மடித்து ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் தலையங்கம் எழுதுபவரைப் பார்த்துக் கேட்டது இது:

“ஏனுங்க தம்பி, அவங்களப் பத்தி எழுதறப்ப ‘விவசாயிகள்’னு எழுதறீங்க. எங்களப் பத்தி எழுதறப்ப ‘ஒரு தரப்பினர்’ங்கறீங்க. நாங்களும் ஏர் பூட்டறவங்கதானுங்க?”

அவர்கள் போனபின் ஆசிரியர் அறையில் வாக்குவாதம். தலையங்கம் எழுதுபவர் அனுபவசாலி. தெரிந்தே ஒரு சாராருக்குக் குறை வைக்கிறவர் அல்ல. “தலையங்கம் என்பதே கருத்துதானே, கருத்தில் பக்கம் இருக்கத்தானே செய்யும்” என்றார். உதவி ஆசிரியரான இளைஞர், “பக்கம் இருக்கட்டுங்கண்ணா, ஆனா கான்கிரீட் வேண்டாம்னு நாம எந்தத் தலையங்கத்துலயும் நேரா எழுதலையே, அப்புறம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அறையில் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாணை வந்த நாள் முதல் அச்சான வாய்க்கால் தலையங்கங்களையெல்லாம் வரிசையாக எடுத்துவைத்தோம்.

முதல் பார்வை: அடையாளச் சொற்கள்

முதலில் அலுவலகத்தார் தாங்களாகவே தேடிப் பார்த்தார்கள். தேடியது கட்சி அடையாளம் சுமக்கும் சொற்களை. தமிழ் வாசகருக்கு இது பழகிய வித்தை. ‘ஒன்றிய அரசு’ என்று எழுதினால் ஒரு பக்கம், ‘மத்திய அரசு’ என்று எழுதினால் வேறு பக்கம் என 2021-க்குப் பிறகு எளிதில் முத்திரை விழுகிறது. 2023 ஜனவரியில் ஆளுநர் பேச்சை ஒட்டித் ‘தமிழ்நாடா, தமிழகமா’ என்ற சர்ச்சை எழுந்தபோது, அதுவரை இரண்டையும் கலந்து எழுதிவந்த பத்திரிகைகள்கூட ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஈரோட்டில் இதற்கு நீண்ட மரபும் உண்டு. 1925-இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழை இங்கிருந்துதான் தொடங்கினார். அவ்விதழில் 1935-இல் எழுத்துச் சீர்திருத்தத்தையும் புகுத்தினார். அதன் பெரும்பகுதியை அரசு ஏற்றது 1978-இல். இடைப்பட்ட 40 ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஒரு பத்திரிகை ‘லை’யையும் ‘னை’யையும் எந்த வடிவில் அச்சிடுகிறது என்பதைப் பார்த்தே அது எந்தச் சிந்தனையோடு நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ‘அக்ராசனர்’ போய்த் ‘தலைவர்’ வந்ததும், ‘ஸ்ரீமான்’ போய்த் ‘திரு’ வந்ததும் அந்தக் காலத்தில் அரசியல் முடிவுகளே.

இந்தப் பழக்கத்தில் தேடியபோது அலுவலகத்தாருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆளும் கட்சியைப் புகழும் சொல்லும் இல்லை, எதிர்க்கட்சியை இகழும் சொல்லும் இல்லை. அரசாணை வந்தது ஒரு கட்சியின் ஆட்சியில். 2021-க்குப் பின் வேலையைக் கையில் எடுத்தது மற்றொரு கட்சியின் ஆட்சி. ஆகவே கட்சிக் கணக்கில் இந்தத் தலையங்கங்களை எங்கும் பொருத்த முடியவில்லை. “நாம நடுநிலைதான்” என்று முடிவுகட்ட இருந்தார்கள்.

அங்கேதான் நான் மாறுபட்டேன். அரசியல் கொள்கை என்பது கட்சியோடு முடிந்துபோவதில்லை. நிலத்தடி நீர் யாருடையது, வளர்ச்சி என்றால் என்ன, ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் யாருக்கு இடமுண்டு என்பவையும் கொள்கைக் கேள்விகள்தான். அவற்றுக்கான பதில் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களில்தான் அதிகம் தங்கும். ஹாலிடே என்ற மொழியியலாளர், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நிகழ்வில் யாரைச் செய்பவராகவும் எதைச் செயப்படுபொருளாகவும் நிறுத்துகிறது என்று பார்க்கச் சொன்னார். 1970-களில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஃபவுலரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைச் செய்தித்தாள் மொழிக்குப் பொருத்தினார்கள். அந்த வழியில் எல்லா வாக்கியங்களையும் மறுபடி படித்தோம்.

வினைகளைப் பின்தொடர்ந்தபோது

ஒரு பெரிய தாளில் கோடு இழுத்து, ‘செய்தவர்’, ‘செயல்’, ‘யாருக்கு’ என்று பிரித்து எழுதினோம். சலிப்பூட்டும் வேலை. ஆனால் சில பக்கங்களுக்குள்ளேயே ஒரு வடிவம் தெரியத் தொடங்கியது.

அரசுத் துறை வருமிடத்தில் எழுவாயும் உண்டு, பிறவினையும் உண்டு. “அதிகாரிகள் கரையோர மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள்.” “துறை வாய்க்காலைக் கான்கிரீட்டால் மூடுகிறது.” செய்தவர் யார், செய்தது என்ன என்பதில் ஐயமே இல்லை. வாசகரின் கோபம் போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கிறது.

கடைமடையின் துன்பம் வருமிடத்தில் வாக்கியம் மாறிவிடுகிறது. “கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை.” “முறைவைப்பில் குளறுபடி ஏற்படுகிறது.” (முறைவைப்பு என்பது நாள் பிரித்து மாறி மாறித் தண்ணீர் விடும் ஏற்பாடு.) “வாய்க்காலின் நீர்மட்டம் நடுவழியில் குறைந்துவிடுகிறது.” எல்லாம் தன்வினை. தண்ணீரோ குளறுபடியோ நீர்மட்டமோதான் எழுவாய். தண்ணீர் தானே வராமல் நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. வாய்க்காலோரக் கிணறுகளிலிருந்து குழாய் போட்டும், கரையில் மோட்டார் வைத்தும் முறைகேடாகத் தண்ணீர் எடுக்கப்படுகிறது என்பது அந்த அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். அவர்களின் செய்திப் பக்கத்திலேயே அது வந்திருக்கிறது. தலையங்கத்தில் மட்டும் எடுத்தவர் காணாமல் போய், எடுக்கப்பட்ட தண்ணீரே குற்றவாளியாகிவிட்டது.

தொல்காப்பியம் இந்த வழக்கை அறியும். செயப்படுபொருளைத் தானே செய்ததுபோலச் சொல்வதும் மரபே என்று வினையியலில் அதற்கு ஒரு நூற்பா இருக்கிறது. உரையாசிரியர்கள் ‘திண்ணை மெழுகிற்று’ என்று எடுத்துக்காட்டுவார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, மெழுகியவர் ஒருவர் இருக்கிறார், கேட்பவருக்கும் அது தெரியும். அதனால் வீட்டுப் பேச்சில் அது குற்றமில்லை. தலையங்கத்தில் நிலைமை வேறு. செய்தவர் யார் என்பதே அங்கே வழக்கு. அதைச் சொல்லாமல் விடுவது ஒரு பக்கத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதுவதற்குச் சமம். நம் மொழியில் உடை–உடைந்தது, நிறுத்து–நின்றது, திருப்பு–திரும்பியது என்று இணை இணையாக வினைகள் இருப்பதால் இந்த மறைப்பு மிக இயல்பாக நடந்துவிடுகிறது. ‘பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதினாலாவது வாசகர் ‘யாரால்?’ என்று கேட்பார். ‘குறைந்துவிடுகிறது’ என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது கூற்று வினைகள். மண் வாய்க்கால் கேட்பவர்கள் ‘சுட்டிக்காட்டினார்கள்’, ‘விளக்கினார்கள்’, ‘எச்சரித்தார்கள்’. கான்கிரீட் கேட்பவர்கள் ‘என்கிறார்கள்’, ‘வாதிடுகிறார்கள்’, ஓரிடத்தில் ‘கூறிக்கொள்கிறார்கள்’. சுட்டிக்காட்ட வேண்டுமானால் சுட்டப்படும் பொருள் அங்கே இருக்க வேண்டும். கூறிக்கொள்வதற்கு அது தேவையில்லை. ஒருவர் சொல்வதை உண்மை என்று இதழ் ஒப்புக்கொண்டதும், மற்றவர் சொல்வதை ஐயத்தோடு வாங்கிவைத்ததும் ஒரே ஒரு வினைமுற்றில் முடிந்துவிட்டன.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தந்தது பெயரெச்சம். “விவசாயிகளைப் பிளவுபடுத்தும் இத்திட்டத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்” என்று ஒரு தலையங்கம் தொடங்கியது. இந்த வாக்கியத்தில் வாதிடப்படுவது மறுபரிசீலனை மட்டுமே. திட்டம் பிளவுபடுத்துகிறது என்பது வாதத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயமாகத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. “இத்திட்டம் விவசாயிகளைப் பிளவுபடுத்துகிறது” என்று முற்றாக எழுதியிருந்தால் கடைமடைக்காரர், “திட்டம் வருமுன்பே தண்ணீர் பங்கில் நாங்கள் பிரிந்துதான் கிடந்தோம்” என்று மறுத்திருக்கலாம். எச்சமாக எழுதியபோது மறுக்கப் பிடி இல்லை.

‘நம்’ என்ற சொல்லும் அப்படியே. “நம் கிணறுகள் வற்றிவிடும்”, “நாம் இழக்கப்போவது ஊற்றை” என்று வாசகரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறது தலையங்கம். கேட்பவரையும் உள்ளடக்கும் நாம், அவரை விலக்கும் நாங்கள் என்று பிரித்துச் சொல்ல வாய்ப்புள்ள மொழி நம்முடையது. அந்த வசதி இருந்தும், வாய்க்கால் கசிவே எட்டாத ஊரில் இருப்பவரிடம் ‘நம் கிணறு’ என்றால் அவர் தன்னை எங்கே வைத்துக்கொள்வார்? அந்த நாமில் தனக்கு இடமில்லை என்பதைத்தான் மஞ்சள் பையோடு வந்தவர் தம் மொழியில் சொல்லியிருந்தார்.

நம்மவரின் நல்லதைப் பெரிதாக்கு, குறையைச் சிறிதாக்கு. மற்றவரின் குறையைப் பெரிதாக்கு, நல்லதைச் சிறிதாக்கு என்று கொள்கை சார்ந்த எழுத்தின் நான்கு பக்கங்களை டியூன் வான் டைக் என்ற மொழியியலாளர் ஒரு சதுரமாக வரைந்து காட்டுவார். நாங்கள் தாளில் எழுதிய கட்டங்கள் அந்தச் சதுரத்துக்குள் ஏறக்குறைய அப்படியே அடங்கின. எழுதியவர் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க, மாநிலம் முழுக்கப் போகும் ஒரு நாளிதழ் இதே விஷயத்தில் எழுதிய தலையங்கத்தையும் எடுத்தோம். அது எதிர்ப் பக்கத்துக்குச் சாய்ந்திருந்தது, கருவிகள் அதேதான். அங்கே மண்ணில் ஊறும் நீர் ‘கசிவு இழப்பு’, ‘விரயம்’. பொறியாளர் கணக்கில் ஆயக்கட்டுக்கு வெளியே போகும் நீர் இழப்புதான். கிணற்றுக்காரருக்கு அதே நீர் ஊற்று. ‘இழப்பு’ என்று பெயர் வைத்த கணத்தில், அந்த நீரைக் குடித்து வாழும் ஊர்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகின்றன. ‘நவீனப்படுத்தும் பணி’ என்று எழுதும்போது அதை எதிர்ப்பவர் பழமைவாதி ஆகிவிடுகிறார். ‘அறிவியல்பூர்வமாக’ என்ற அடைமொழியும் அதில் தாராளமாக வந்தது. எந்த அறிவியல், யார் செய்த ஆய்வு என்று எங்கும் சொல்லப்படவில்லை. உள்ளூர் இதழ் மண்ணின் பெயரால் பேசியது, நாளிதழ் வளர்ச்சியின் பெயரால் பேசியது. இரண்டுமே தம் பக்கத்தை வாதமாக வைக்காமல் இலக்கணத்துக்குள் வைத்திருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் ஒரு யோசனையை நிராகரித்தோம். இரு தரப்புக்கும் சம வரிகள் ஒதுக்கி, எதையும் சொல்லாமல் முடிக்கும் தலையங்கம் எழுதலாம் என்று நிர்வாகத்திலிருந்து கருத்து வந்தது. அது பக்கத்தை நிரப்புமே ஒழிய வாசகருக்கு உதவாது. தலையங்கம் பக்கம் எடுப்பது அதன் கடமை. எடுத்த பக்கம் வாசகர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதை அவர் மறுக்கவும் முடிய வேண்டும். பிற முடிவுகளெல்லாம் இதிலிருந்து வந்தன.

இதழின் நிலைப்பாட்டை இரண்டாம் பத்திக்குள் முற்றுவாக்கியமாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்கள். “இவ்விதழ் இன்னது கருதுகிறது” என்பதே வடிவம். ‘நாம்’ வேண்டாம். வாதிட்டு நிறுவாத ஒன்றைப் பெயரெச்சமாக ஒட்டக் கூடாது. தரப்புகளை அவர்கள் கேட்பதைக் கொண்டே அழைப்பது: ‘மண் வாய்க்கால் கேட்கும் விவசாயிகள்’, ‘கான்கிரீட் கேட்கும் விவசாயிகள்’. வாக்கியம் நீளும்தான், அதைப் பொறுத்துக்கொள்வது. கூற்றுக்கு இரு பக்கத்தாருக்கும் ஒரே வினை.

கடினமாக இருந்தது தன்வினை பற்றிய முடிவு. எல்லா வினைக்கும் செய்தவரை எழுதினால் தமிழ் தமிழாக இருக்காது. மழை பெய்ததற்கும் நெல் விளைந்ததற்கும் யாரைத் தேடுவது? ஆகவே ஒரு வரம்பு வைத்தோம். எந்த வினை யாரோ ஒருவருக்கு நட்டத்தைச் சொல்கிறதோ, அந்த வினைக்கு மட்டும் ‘யார்?’ என்று கேட்பது. இதழுக்குப் பதில் தெரிந்தால் எழுதுவது. தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவது. “தீர்வு காணப்பட வேண்டும்” என்ற வழக்கமான முடிப்புக்கும் இதே கேள்வி. எந்த அதிகாரி, எந்தக் கட்டத்தில், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் கோரிக்கையே தலையங்கத்துக்குத் தயாராகவில்லை என்று பொருள்.

தலையங்கம் எழுதுபவர் கடைசிவரை ஓர் ஆட்சேபம் வைத்திருந்தார். சூடு போய்விடும், மக்கள் பேச்சில் இருக்கும் வேகம் எழுத்தில் இருக்காது என்றார். அதில் நியாயம் இருந்தது. உவமைக்கும் பேச்சுவழக்குக்கும் தடை போட வேண்டாம், செய்தவரை மறைக்காத வரை எவ்வளவு சூடாகவும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகு

அடுத்த பாசனப் பருவத்துக்குத் தண்ணீர் திறந்தபோது முதல் சோதனை வந்தது. தலையங்கத்தின் இரண்டாம் பத்தி: “வாய்க்கால் முழுவதும் கான்கிரீட் போடுவதை இவ்விதழ் ஏற்கவில்லை. உடைப்பெடுக்கும் கரைகளையும் பழுதான மதகுகளையும் பலப்படுத்துவதை ஏற்கிறது.” நான்காம் பத்தி: “மேல்மடையில் கரையோரம் மோட்டார் வைத்திருப்பவர்கள் கடைமடையின் பங்கை எடுக்கிறார்கள். துறை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.”

நிலைப்பாடு முன்பு இருந்ததேதான். ஆனாலும் இந்த முறை கோபம் வந்தது மேல்மடையிலிருந்து. அதுவரை இதழைத் தங்கள் இதழாகக் கருதியவர்கள், எங்களைத் திருடர் என்றா சொல்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள். சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். ஒரு விளம்பரதாரர் சிறிது காலம் ஒதுங்கி இருந்தார். வினைச்சொல் மாறினால் பணம் நகரும் என்பதை நிர்வாகம் அப்போதுதான் நேரில் பார்த்தது. ஆசிரியர் பின்வாங்கவில்லை. அந்த வாக்கியத்தில் எது தவறு என்று காட்டுங்கள், திருத்தம் அச்சிடுகிறேன் என்று சொன்னார். தவறென்று எவரும் காட்டவில்லை.

கடைமடையிலிருந்து பாராட்டு வரும் என்று அலுவலகத்தில் சிலர் எதிர்பார்த்தார்கள். வந்தது நீண்ட மறுப்புக் கடிதம். கரையை மட்டும் பலப்படுத்தினால் போதாது, ஏன் போதாது என்று முறைவைப்பு நாட்களைக் கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். அதை முழுதாக வெளியிட்டார்கள். எனக்கு இதுவே முக்கியமான விளைவாகப் படுகிறது. முன்பு வந்த கடிதங்கள் “நீங்கள் அவர்கள் ஆள்” என்று இதழைக் குற்றம்சாட்டின. இது இதழின் வாதத்தோடு மோதியது. மோத ஒரு முற்றுவாக்கியம் கிடைத்திருந்தது.

எல்லாம் சீராகப் போகவில்லை. தேர்தல் நெருங்கியபோது அவசரத்தில் எழுதிய தலையங்கங்களில் ‘நம் மண்’ணும் ‘வஞ்சிக்கும்’ என்ற பெயரெச்சமும் திரும்பி வந்தன. தலைப்பு வைப்பவர் எங்கள் அமர்வுகளில் இருந்ததில்லை. உள்ளே ‘கான்கிரீட் கேட்கும் விவசாயிகள்’ என்று இருக்க, மேலே ‘ஆதரவு கோஷ்டி’ என்று தலைப்பு வந்த இதழும் உண்டு. அன்று கடைமடைக்காரர்கள் படித்தது தலைப்பை மட்டும்தான்.

மாற்ற வேண்டியவை

தலைப்பும் படக்குறிப்பும் இந்த விதிக்குள் வர வேண்டும். அச்சுக்குப் போகும் முன் தலையங்கத்தை எழுதியவர் அல்லாத ஒருவர் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படிப்பது நல்ல பலன் தந்தது. அதைத் தேர்தல் காலத்திலும் விடாமல் செய்ய ஆள் ஒதுக்க வேண்டும். வேறு இதழ்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால், பிற பத்திரிகையின் தலையங்கத்தில் தொடங்குவது எளிது. பிறர் எழுத்தில் சாய்வு உடனே தெரியும். கண் பழகியபின் சொந்த எழுத்துக்கு வரலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ‘செய்தவர்’ என்ற கட்டத்தில் யார் யார் வந்தார்கள் என்று பார்த்த நாங்கள், யார் ஒருமுறைகூட வரவில்லை என்பதை மிகவும் பிந்தித்தான் பார்த்தோம். மண் வாய்க்கால் கேட்டவர்களும் கான்கிரீட் கேட்டவர்களும் நிலம் உள்ளவர்கள். நாற்று நடுபவர்களும் களை எடுப்பவர்களும், அவர்களில் பெரும்பாலோரான நிலமற்ற குடும்பத்துப் பெண்களும், எந்தத் தலையங்கத்திலும் எழுவாயாக இல்லை. “நடவு நடந்தது”, “அறுவடை முடிந்தது” என்றே இருக்கிறது. நட்டத்தைச் சொல்லும் வினைகளுக்கு மட்டும் ‘யார்?’ என்று கேட்பதாக நாங்கள் வைத்த வரம்பு இவர்களைப் பிடிக்கவில்லை. உழைப்பைச் சொல்லும் வினைகளையும் அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். தண்ணீர் தள்ளிப்போனால் நடவு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் கூலியை இழக்கிறார்கள் என்ற விவரத்தை மேல்மடையிலும் கடைமடையிலும் சேகரிக்க ஆசிரியர் இரண்டு நிருபர்களை அனுப்பியிருக்கிறார். அது கைக்கு வந்தபின் அடுத்த வாய்க்கால் தலையங்கம் எழுதப்படும்.